இடவலம் மாற்றி

"எந்தப் பாட்டு போடட்டும், மேடம் வேதவல்லி?"
டான் டோக் செங்கில், ஸ்கேன் அறையில்,
என் முகத்தின் மேல் கூண்டை மாட்டியபடி
நூருல் கேட்டாள்.
தமிழ் வானொலி உண்டு. பியானோ உண்டு. கடலலை உண்டு.
இருபத்து மூன்று நிமிடப் பாட்டு ஒன்று,
நடுவே ட்ரம்ஸ் படியில் தடுக்கி உருண்டு
கடைசிப் படியில் நின்றுகொள்ளுமே,
அது இருக்கிறதா என்று கேட்க நாக்கு வரை வந்தது.
ஐம்பத்திரண்டு வயது எனக்கு.
ஒன்றும் வேண்டாம் என்றேன்.

எந்திரம் ஆரம்பித்தது.
டக் டக் டக் டக் டக். இடைவெளி.
ஐந்து.
பிறகு ஒரு கனத்த உறுமல்,
மூன்றும் இரண்டும் இரண்டுமாய், ஏழு.
அசையாதீர்கள் என்றது ஒலிபெருக்கி.
கால் கட்டைவிரல் மட்டும் பேச்சைக் கேட்கவில்லை.

தொண்ணூற்றேழில், பெனின்சுலா பிளாசாவில்,
கித்தார் கம்பி வாங்க வந்த ஹைரில்
என் கையிலிருந்த கேசட்டைப் பார்த்து
"அண்ணனுக்கா?" என்றான்.
எனக்கு அண்ணன் கிடையாது.
இதில் நான்காம் பாட்டில்
எட்டுச் சுற்றுக்கு ஒருமுறை ஓர் அடி காணாமல் போகும்,
எங்கே போகிறது தெரியுமா என்றேன்.
கடைசி பஸ்ஸை விட்டுவிட்டான்.
இன்றைக்கும் அந்த ஓர் அடிக்காகச்
சண்டை பிடிக்கிறோம்.

எதிர்வீட்டுத் திருமதி லாவ் ஒருமுறை கேட்டார்,
வீட்டில் ரிப்பேர் வேலையா என்று.
ஆமாம் என்றேன்.
அது பொய் இல்லை.

பாடகன் கர்ஜிப்பது எனக்கு விளங்கியதே இல்லை.
ஒருநாள் வரிகளைத் தேடிப் படித்தேன்:
விண்கலம், பனிமலை, இரட்டையர் பகை.
மூடி வைத்துவிட்டேன். அந்தத் தொண்டை போதும்.

மண்டாயில் அப்பாவை எரித்த இரவு கேட்டது
சோகப் பாட்டே இல்லை.
ஒரே கோர்டைப் பதினொரு முறை அறைவார்கள்,
பன்னிரண்டாவதை அறையாமல் விடுவார்கள்.
அந்தப் பன்னிரண்டாவதில்தான் அழுதேன்.

கட்டி எதுவும் இல்லை என்றார் டாக்டர் குவேக்.
நரம்புதான். பல வருடமாகவே தேய்ந்திருக்கும்.
வலது காது இனித் திரும்பாது.
தலையாட்டினேன். மனசு வேறு கணக்கில் இருந்தது:
வலப்பக்கம் கீபோர்டு,
வலப்பக்கம் இரண்டாம் கித்தார்.

நொவீனாவில் ரயிலேறினேன்.
புக்கிட் பாத்தோக்குக்கு வடக்கே சுற்றிப்போகும் பாதை.
குறுக்கு வழிகள் உண்டு,
பாட்டு நீளம்.
ஹெட்போனில் அது பாதிப் பல் உதிர்ந்த சீப்பாக வந்தது.
பீஷான் தாண்டி ரயில் வெளிச்சத்துக்கு ஏறியது.
அங் மோ கியோவில் ஹெட்போனைக் கழற்றித்
திருப்பி மாட்டினேன்,
வலது என்று எழுதியதை இடது காதில்.

கீபோர்டு, பத்திரமாக, இருந்த இடத்திலேயே.
இரண்டாம் கித்தார், நான் நினைத்திருந்ததைவிடக் கோபமாக.
பதினான்காம் நிமிடம், ட்ரம்ஸ் உருளப் போகும் முன்,
எல்லாவற்றுக்கும் அடியில்
மெல்லிசாக யாரோ எண்ணுகிறார்கள்.
என்னைப் போலவே, வாய்க்குள்,
தப்பிவிடுமோ என்ற பயத்தோடு.
இருபத்தேழு வருடம் இதைக் கேட்டதில்லை நான்.

ஹைரிலுக்கு எழுதினேன்: பதினாலாவது நிமிடம், வலப்பக்கம்.
ஈசூனில் பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள்.
செம்பவாங்கில் பதில் வந்தது:
குரல் இல்லை வேதா,
ட்ரம்மரின் ஸ்டூல் கிரீச்சிடுகிறது.

ஸ்டூல்தான் என்றே வைத்துக்கொள்வோம்.
ஏழாவது அடியில் மட்டும் கிரீச்சிடும்
ஸ்டூல்.